எபெனேசர் சபை: அகதிகள் கட்டிய ஆலயமும் அவர்கள் காக்காத சொல்லும்



புலம்பெயர்ந்தோரின் சமய வாழ்வைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஒரு சபையை எடுத்துக்கொண்டு அதன் கதையைக் கடைசிவரை சொல்லிப் பார்ப்பது பயன் தரும் என்று நினைத்தேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், சவன்னா ஆற்றங்கரையில் உள்ள எபெனேசர் என்னும் ஊரின் லுத்தரன் சபைதான் அது. சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மன் மொழிக் குடும்பங்கள் 1734-இல் ஜார்ஜியாவில் குடியேறின. 1767 தொடங்கி 1769-க்குள் அந்தச் சபையார் எழுப்பிய செங்கல் கட்டடத்துக்கு எருசலேம் ஆலயம் என்று பெயர். ஜார்ஜியாவில் இன்று நிற்கும் தேவாலயக் கட்டடங்களில் அதுவே மிகப் பழையது. இப்போதும் அங்கே ஆராதனை நடக்கிறது.

இந்தச் சபையைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள். தரங்கம்பாடியில் மிஷனெரி சீகன்பால்கின் பணியைத் தாங்கிய அதே நிறுவனங்களும் அதே பணமும் எபெனேசரின் பின்னாலும் இருந்தது முதல் காரணம். நம் ஊர் மிஷன் வரலாற்றைப் படித்தவர்களுக்கு அங்கே பாதிப் பெயர்கள் பழக்கமானவையாக இருக்கும். அந்தச் சபையின் போதகர்கள் ஏறத்தாழ நாள்தோறும் குறிப்பெழுதிவைத்தது இரண்டாவது காரணம். ஒரு சபை தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டது, பிறரை எப்படி நடத்தியது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த எழுத்துகள் இடம் தருகின்றன.

எட்டு நாள் தவணை

சால்ஸ்பர்க் இன்று ஆஸ்திரியாவில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அது கத்தோலிக்கப் பேராயரே அரசராகவும் இருந்து ஆண்ட தனி நாடு. அதன் மலைப் பள்ளத்தாக்குகளில் உழவர்களும் உப்புச் சுரங்கத் தொழிலாளர்களும் லுத்தரின் போதனையைப் பல தலைமுறைகளாக மறைவாகக் கைக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கப் பூசைக்குப் போவார்கள்; இரவில் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு லுத்தரின் வேதாகமத்தை வாசிப்பார்கள். 1680-களில் அங்கிருந்து வெளியேற்றப்பட்ட சுரங்கத் தொழிலாளி யோசப் ஷைட்பெர்கர் நூரன்பர்க்கிலிருந்து எழுதிய மடல்கள் அந்த வீடுகளுக்குள் களவாகப் போய்ச் சேர்ந்தன.

பேராயர் லியோபோல்ட் ஆன்டன் ஃபிர்மியான் இந்த மறைவு வாழ்வைப் பொறுத்துக்கொள்ளவில்லை. விசாரணையும் அபராதமும் கூடின. 1731 ஆகஸ்டில் ஷ்வார்ட்சாக் என்னும் ஊரின் விடுதி ஒன்றில் உழவர்களின் பிரதிநிதிகள் கூடி, மேசையில் வைத்த உப்பைத் தொட்டு நாவில் வைத்து, விசுவாசத்தை விடுவதில்லை என்று ஆணையிட்டார்கள். உப்பு விளையும் நாட்டில் உப்பின்மேல் செய்த ஆணை அது.

அதே ஆண்டு அக்டோபர் 31 தேதியிட்டு வெளியேற்ற ஆணை வந்தது. லுத்தர் தம் ஆய்வுரைகளை வெளியிட்ட நாள் என்று லுத்தரன்கள் கொண்டாடும் அதே தேதி. 1648-ஆம் ஆண்டின் வெஸ்ட்பாலியா உடன்படிக்கைப்படி, வேற்றுச் சமயத்தாரை வெளியேற்றும் அரசர் அவர்கள் சொத்தை விற்றுப் புறப்பட மூன்று ஆண்டு தவணை தர வேண்டும். பேராயர் இவர்களைச் சமயத்தால் வேறுபட்டவர்கள் என்று சொல்லாமல் கலகக்காரர்கள் என்று அறிவித்து அந்த விதியைத் தாண்டிப் போனார். நிலமில்லாத கூலியாட்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் எட்டே நாள். நிலமுள்ளவர்களுக்குச் சில மாதங்கள். கூலியாட்கள் கிளம்பியபோது ஆல்ப்ஸ் மலையில் பனி விழத் தொடங்கியிருந்தது. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் நாட்டைவிட்டுப் போனார்கள்.

அவர்களில் பெரும்பாலோரைப் பிரஷ்ய அரசர் முதலாம் பிரெடரிக் வில்லியம் ஏற்றுக்கொண்டார். கொள்ளைநோயால் ஆள் குறைந்திருந்த கிழக்குப் பிரஷ்யாவில் குடியேற்ற அவருக்கும் உழவர்கள் தேவைப்பட்டார்கள். ஜெர்மன் நகரங்கள் வழியாக இவர்கள் பாடிக்கொண்டே நடந்துபோன காட்சி ஐரோப்பாவையே உருக்கியது. பல ஆண்டுகளுக்குப் பிறகு கவிஞர் கேத்தே தம் 'ஹெர்மனும் டொரதேயாவும்' காவியத்துக்குக் கருவை இந்த அகதிகளைப் பற்றிய ஒரு செய்தியிலிருந்துதான் எடுத்தார். இருபதாயிரத்தில் சிலநூறு பேர் மட்டுமே கடல் கடந்தார்கள். அவர்களுடைய கதையைத்தான் இனிப் பார்க்கப்போகிறோம்.

மூன்று நகரங்கள், இரண்டு கடல்கள்

ஒரு சிறு உழவர் கூட்டத்தை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது எளிய காரியமா? மூன்று நகரங்கள் கைகோத்ததால்தான் அது நடந்தது.

முதல் நகரம் ஆக்ஸ்பர்க். அங்கே லுத்தரன் போதகர்களின் தலைவராக இருந்தவர் சாமுவேல் உர்ல்ஸ்பெர்கர். நகரின் வழியே வந்த அகதிகளுக்கு உணவும் உடையும் திரட்டியவர். இரண்டாவது நகரம் ஹாலே. அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே தொடங்கிய அனாதை இல்லமும் பள்ளிகளும் அச்சகமும் மருந்தகமும் ஒரு சிறு ஊராகவே வளர்ந்திருந்தன. மூன்றாவது லண்டன். 1698-இல் அங்கே தொடங்கப்பட்ட எஸ்.பி.சி.கே. என்னும் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தோடு உர்ல்ஸ்பெர்கருக்கும் ஹாலேக்கும் நெருங்கிய கடிதத் தொடர்பு இருந்தது.

இந்தப் பெயர்கள் நமக்குப் புதியவையா? ஹாலேயிலிருந்து வந்த சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். அவர்களை அனுப்பியவர் டென்மார்க் அரசர். ஆனால் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட உதவிய அச்சுப்பொறியையும் தாளையும் அனுப்பியது லண்டனின் எஸ்.பி.சி.கே. தரங்கம்பாடிச் செய்திகளை ஹாலே அச்சகம் 1710 முதல் தொடர் அறிக்கையாக வெளியிட்டது. அதைப் படித்து ஜெர்மனியெங்கும் காணிக்கை வந்தது. எபெனேசருக்கும் அதே முறைதான். போதகர்களை ஹாலே கொடுத்தது. அவர்கள் சம்பளத்தை எஸ்.பி.சி.கே. கொடுத்தது, அறிக்கையை உர்ல்ஸ்பெர்கர் தொகுத்தார், ஹாலேயில் அச்சானது. லண்டன் அரண்மனையின் ஜெர்மன் ஆலயப் போதகர் பிரெடரிக் மைக்கேல் சீகன்ஹாகன், தமிழகத்துக்குப் போகும் மிஷனெரிகளுக்கும் ஜார்ஜியாவின் போதகர்களுக்கும் ஒரே மேசையிலிருந்து கடிதமும் பணமும் அனுப்பிக்கொண்டிருந்தார். ஹாலேயின் ஆவணக்காப்பகத்தில் இன்றும் எபெனேசர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகளும் அங்கேதான் இருக்கின்றன.

லண்டனுக்கு இதில் ஒரு கணக்கும் இருந்தது. 1732-இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் வழங்கிய சாசனத்தின்படி ஜார்ஜியா என்ற புதிய குடியேற்றம் உருவானது. தெற்கே புளோரிடாவில் ஸ்பானியர்கள், வடக்கே அடிமை உழைப்பால் கொழித்த தென் கரோலினா; இரண்டுக்கும் நடுவில் உழைக்கும் சிறு உழவர்களைக் குடியமர்த்தி எல்லையைக் காக்க வேண்டும் என்பது அதை நிர்வகித்த அறங்காவலர்களின் திட்டம். துரத்தப்பட்ட புராட்டஸ்டண்ட் உழவர்களைவிட இதற்குப் பொருத்தமானவர்கள் கிடைப்பார்களா? இரக்கத்தோடு அரசியலும் கூடியதால்தான் கப்பல் கிளம்பியது. குடியேற்ற வரலாற்றில் இவ்விரண்டும் தனித்தனியே பயணம் செய்வது அரிது.

1733 அக்டோபர் இறுதியில் முதல் கூட்டம் ஆக்ஸ்பர்க்கிலிருந்து புறப்பட்டது. அழைத்துப்போனவர் இளைஞரான பிலிப் ஃபான் ரெக். ராட்டர்டாமில் ஹாலே ஆசிரியர்கள் இருவர் போதகர்களாக வந்து சேர்ந்தார்கள். ஒருவர் முப்பது வயதான யோஹான் மார்ட்டின் போல்ட்சியுஸ். மற்றவர் இஸ்ரேல் கிறிஸ்டியான் குரோனாவ். பரிஸ்பர்க் என்னும் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து, 1734 மார்ச் 12 அன்று சவன்னாவில் இறங்கினார்கள்.

மணலும் ஆறும்

ஜார்ஜியாவின் தலைவர் ஜேம்ஸ் ஓகில்தோர்ப் அவர்களுக்குக் காட்டிய இடம் சவன்னாவிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில் உள்நாட்டுக் காட்டுக்குள் இருந்தது. எபெனேசர் என்று பெயர் வைத்தார்கள். பெயர் நிலைத்தது, இடம் நிலைக்கவில்லை. மண் வெறும் மணல். பக்கத்து ஓடையில் மரங்கள் விழுந்து கிடந்ததால் படகு வராது. அரிசியும் மாவும் தலைச்சுமையாக வர வேண்டும். வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலும் சொறிநோயும் வந்தவர்களில் பலரை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் கொண்டுபோயின. மலைக்காற்றில் வளர்ந்தவர்களுக்குச் சதுப்பு நிலத்தின் கோடை பழகவில்லை.

1736-இல் மூன்றாம் கூட்டம் வந்தபோது, இடத்தை மாற்றித் தர வேண்டும் என்று போல்ட்சியுஸ் பிடிவாதமாகக் கேட்டார். ஓகில்தோர்ப் மனமில்லாமல் இணங்கினார். சவன்னா ஆற்றின் செம்மண் மேட்டில் புதிய எபெனேசர் அமைந்தது. இன்றைய ஆலயம் நிற்பது அங்கேதான். அந்தச் சுற்றுவட்டாரம் யூச்சி இன மக்கள் வாழ்ந்த நிலம். ஃபான் ரெக் அவர்களையும் அங்கிருந்த மரஞ்செடிகளையும் வரைந்த படங்கள் இன்று கோபன்ஹேகன் அரச நூலகத்தில் உள்ளன. அந்த மக்களின் முகங்களை இன்று நமக்குக் காட்டுபவை அந்தப் படங்களே. அகதிகளுக்குக் கிடைத்த நிலம் யாருடையதாக இருந்தது என்ற கேள்வியை அவையே நமக்கு எழுப்பிக்கொண்டிருக்கின்றன.

புதிய இடத்தில் ஊர் எழுந்தது. ஹாலேயின் மாதிரியில் ஓர் அனாதை இல்லம் கட்டினார்கள். ஜார்ஜியாவில் அதுதான் முதல் அனாதை இல்லம். தொடக்க ஆண்டுகளில் ஆராதனையும் அங்கேதான். 1738-இல் வந்து பார்த்த ஆங்கிலப் பிரசங்கியார் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட், சவன்னா அருகே பெதஸ்தா இல்லத்தைத் தொடங்க இதிலிருந்தே ஊக்கம் பெற்றார். ஆற்று நீரின் விசையில் ஓடும் மாவு ஆலை வந்தது. மரம் அறுக்கும் ஆலையும் நெல் குத்தும் ஆலையும் தொடர்ந்தன. ஹாலே மருந்தகத்தின் மருந்துப்பெட்டிகள் கப்பலில் வந்தன. பெண்கள் பட்டுப்புழு வளர்த்து நூலெடுத்தார்கள். ஜார்ஜியாவின் மற்ற ஊர்கள் பட்டுத்தொழிலைக் கைவிட்ட பின்னும் எபெனேசர் அதை விடவில்லை. இரு போதகர்களும் சால்ஸ்பர்க் குடும்பம் ஒன்றின் சகோதரிகளை மணந்துகொண்டார்கள். ஹாலேயின் படித்த ஆசிரியர்கள் உழவர் குடும்பத்து மருமக்களானார்கள்.

இந்த ஆண்டுகளின் நிகழ்வு ஒன்று மெதடிஸ்ட் வரலாற்றிலும் இடம்பிடித்தது. அப்போது சவன்னாவில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்த, பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, பேராயரின் திருநிலைப்பாடு பெற்றவரிடம் ஞானஸ்நானம் பெறாதவர் என்ற காரணத்தால் போல்ட்சியுசுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1749-இல் போல்ட்சியுஸ் எழுதிய அன்பான கடிதம் ஒன்று அவர் கைக்கு வந்தது. வெஸ்லி அதைத் தம் நாட்குறிப்பில் சேர்த்து, அன்று தாம் காட்டிய சபைக் கர்வத்தை எண்ணி வெட்கப்பட்டு எழுதினார். எபெனேசரின் போதகர் எப்படிப்பட்டவர் என்று அறிய அந்தக் கடிதம் உதவும். மறந்துவிடாத நினைவும் பகை வைக்காத மனமும் உள்ளவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்துச் சொல்லப்போகும் செய்தியில் அவரும் இருக்கிறார்.

1739 மார்ச் விண்ணப்பம்

ஜார்ஜியாவின் அறங்காவலர்கள் தொடக்கத்திலேயே அடிமை முறையைத் தடைசெய்திருந்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் பாதுகாப்பே முதன்மை. ஸ்பானிய எல்லையில் அடிமைகள் கலகம் செய்தால் குடியேற்றம் தாங்காது. அடிமை வந்தால் சிறு உழவன் நிற்க மாட்டான். ஆனால் சவன்னாவாசிகள் பலர் ஆற்றுக்கு அப்பால் தென் கரோலினாவின் செழிப்பைப் பார்த்துப் பொருமினார்கள். இந்த வெயிலில் வெள்ளையர் நெல் பயிரிட முடியாது, அடிமைகளை அனுமதியுங்கள் என்று 1738 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு மனு அனுப்பினார்கள்.

அதற்கு எதிராக இரண்டு ஊர்கள் எழுதின. ஒன்று ஸ்காட்லாந்து மலைநாட்டார் குடியிருந்த டேரியன், 1739 ஜனவரியில். மற்றொன்று எபெனேசர், அதே ஆண்டு மார்ச் 13 அன்று. அமெரிக்கக் குடியேற்றங்களில் அடிமை முறைக்கு எதிரான மிகப் பழைய கூட்டு மனுக்களின் வரிசையில் இவ்விரண்டும் வருகின்றன. சபை வரலாறுகள் இதைப் பெருமையோடு சொல்லும். சொல்ல வேண்டியதுதான்.

ஆனால் இரண்டு மனுக்களின் காரணங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டேரியன் மனுவும் பாதுகாப்பையும் கடனையும்தான் முதலில் பேசுகிறது. கடைசியில் மட்டும், மனிதரையும் அவர்கள் சந்ததியையும் என்றென்றைக்கும் அடிமையாக வைப்பது மனித இயல்புக்கே அடுக்காது, என்றாவது ஒருநாள் அதற்குக் கணக்குக் கேட்கப்படும் என்ற கருத்துக்கு வந்து நிற்கிறது. எபெனேசர் மனுவில் அந்தக் கடைசிப் படி இல்லை. நெல் பயிரிட முடியாது என்று எங்களிடம் சொன்னார்கள், நாங்கள் பயிரிட்டுக் காட்டிவிட்டோம் என்கிறது. கறுப்பர்கள் வந்தால் எங்கள் வீடுகளிலும் தோட்டங்களிலும் திருடுவார்கள், எங்கள் உயிருக்கு ஆபத்து வரும் என்கிறது. உழைப்பின் பெருமையும் அச்சமும் கலந்த மனு அது. அடிமையாக்கப்படும் மனிதரைப் பற்றிய கவலை அதில் பேசப்படவில்லை.

போல்ட்சியுஸ் தனியாக அதைவிடத் தூரம் போனார். 1740-களில் ஒயிட்ஃபீல்ட் ஜார்ஜியாவுக்கு அடிமைகள் வேண்டும் என்று வாதாடியபோது, போல்ட்சியுஸ் அவரை எதிர்த்து நீண்ட கடிதங்கள் எழுதினார். ஏழை வெள்ளை உழவனின் கூலி போய்விடும் என்பதோடு, கரோலினாவில் அடிமைகள் படும் கொடுமையையும் பேசினார். இதற்காக அவர் மேல் பழியும் விழுந்தது: அறங்காவலர்களிடம் நல்ல பெயர் வாங்கவே எதிர்க்கிறார் என்றார்கள்.

அந்த எதிர்ப்பு எவ்வளவு காலம் நின்றது? 1740-களின் இறுதியில் அறங்காவலர்களே தளர்ந்தார்கள். எபெனேசரிலும் கூலியாட்கள் கிடைக்கவில்லை. ஒப்பந்தத்துக்கு வந்த வேலைக்காரர்கள் ஓடிப்போனார்கள். ஆலைகளை நடத்த ஆள் வேண்டும். போல்ட்சியுஸ் ஆக்ஸ்பர்க்கின் யோசனையைக் கேட்டார். உர்ல்ஸ்பெர்கர் அனுப்பிய பதில், அடிமைகளைக் கிறிஸ்துவிடம் நடத்தும் நோக்கத்தோடு வாங்கினால் அது பாவமாகாது, நன்மையாகவும் அமையலாம் என்ற பொருளில் இருந்தது. 1751 ஜனவரி முதல் தேதி தடை நீங்கியது. எபெனேசர் குடும்பங்களும் அடிமைகளை வாங்கின. எட்டு நாள் தவணையில் துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகள், எந்தத் தவணையும் இல்லாமல் விற்கப்பட்டவர்களுக்கு எசமானர்கள் ஆனார்கள்.

சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அடிமைக் குழந்தைகளின் பெயர்களும் வருகின்றன. திருமுழுக்குக் கொடுத்தோம் என்று சபை அதைக் காட்டலாம். எசமானரின் உடைமையாகத்தான் அந்தக் குழந்தை பதிவேட்டுக்குள்ளேயே வந்தது என்பதையும் நாம் படித்தாக வேண்டும்.

இங்கே எனக்குப் படுவதைச் சொல்லிவிடுகிறேன். எபெனேசர் தன் கொள்கையை விற்றுவிட்டது என்று சிலர் எழுதுவார்கள். மனுவைப் படித்தால், விற்கும் அளவுக்குக் கொள்கை அதில் எழுதப்பட்டிருக்கவில்லை என்றே தோன்றுகிறது. தன் நெல், தன் கூலி, தன் உயிர் என்ற காரணங்களின் மேல் நின்ற எதிர்ப்பு, அந்தக் காரணங்கள் மாறியதும் மாறிவிட்டது. பாதிக்கப்படுபவனின் பக்கம் நின்று சொல்லாத நியாயம், சொல்பவனின் வசதி இருக்கும்வரைதான் நிற்கும்.

செங்கல்லும் அன்னமும்

1765-இல் போல்ட்சியுஸ் மறைந்தார். குரோனாவ் அதற்கு இருபது ஆண்டு முன்பே போய்விட்டார். அதற்குள் சால்ஸ்பர்க்காரர்களோடு உல்ம் பகுதியிலிருந்து வந்த சுவாபியர்களும் பிற ஜெர்மானியர்களும் கலந்து சபை பெருகியிருந்தது. மரத்தால் கட்டிய பழைய ஆலயத்துக்குப் பதிலாகச் செங்கல் ஆலயம் கட்ட முடிவு செய்தார்கள். ஜெர்மனியிலிருந்தும் காணிக்கை வந்தது. ஆற்றங்கரைக் களிமண்ணைக் குழைத்துக் கையாலேயே கல் அறுத்தார்கள். சுவர் இருபத்தொரு அங்குல கனம். பெண்களும் குழந்தைகளும் மண் சுமந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஈரக் கல்லில் பதிந்த விரல் தடங்கள் சிலவற்றை இன்றும் சுவரில் காட்டுகிறார்கள். 1751-க்குப் பிறகு எழுந்த கட்டடம் என்பதால், அந்த விரல்கள் எல்லாம் எசமானர் வீட்டு விரல்கள்தானா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

கோபுரத்தின் உச்சியில் காற்றுத்திசை காட்டும் உலோக அன்னம் ஒன்று இருக்கிறது. லுத்தரன் மரபில் அன்னம் லுத்தரின் அடையாளம். போகிமிய சீர்திருத்தவாதி யான் ஹுஸ் தமக்குப் பின் ஓர் அன்னம் வரும் என்று சொன்னதாக வழங்கும் கதையிலிருந்து வந்த வழக்கம் அது.

ஆலயம் எழுந்த வேகத்திலேயே சண்டையும் எழுந்தது. ஹாலே அனுப்பிய கிறிஸ்டோப் பிரெடரிக் டிரீப்னரும், முன்பே அங்கிருந்த போதகர் கிறிஸ்டியான் ராபன்ஹோர்ஸ்டும் மோதிக்கொள்ள, சபை இரண்டாகப் பிளந்தது. சமரசம் செய்ய 1774-இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்தவர் ஹென்றி மெல்கியோர் மூலென்பெர்க். அமெரிக்க லுத்தரன் சபையின் தந்தை என்று போற்றப்படுபவர். அவரையும் ஒரு கட்டத்தில் இந்திய ஊழியத்துக்கு அனுப்பவே ஹாலே யோசித்திருந்தது. வந்து பத்திரங்களைப் புரட்டியவர், ஆலய நிலத்தின் பட்டா இங்கிலாந்துத் திருச்சபையின் பெயருக்குப் போகும்படி எழுதப்பட்டிருப்பதைக் கண்டார். நூறு பிரசங்கங்களைவிட ஒரு பத்திரத்தைக் கவனமாகப் படிப்பது சபையைக் காக்கும் என்பது அவர் அனுபவம். சபைக்கு ஒழுங்குமுறை எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

அடுத்து வந்தது போர். ஜார்ஜியா சுதந்திர மாநிலமானபோது அதன் முதல் ஆளுநர் எபெனேசர் சபையைச் சேர்ந்த ஜான் ஆடம் டிராய்ட்லன். டிரீப்னரோ மன்னர் பக்கம் நின்றார். 1779 ஜனவரியில் பிரிட்டிஷ் படை ஊரைப் பிடித்தது. ஆலயம் மருத்துவமனையானது, பிறகு குதிரை லாயமானது. அன்னத்தின் உடலில் உள்ள துளை அப்போதைய துப்பாக்கிக் குண்டு துளைத்தது என்பார்கள். 1782-இல் படை போனபோது டிரீப்னரும் போனார். சுவர் நின்றது, ஊர் நிற்கவில்லை. எபெனேசர் பிறகு தன் பழைய செழிப்புக்குத் திரும்பவே இல்லை. 1780-களில் ஜெர்மனியிலிருந்து வந்த யோஹான் எர்ன்ஸ்ட் பெர்க்மான், 1824-இல் இறக்கும்வரை ஜெர்மன் மொழியிலேயே பிரசங்கித்தார். அவருக்குப் பின் அவர் மகன் காலத்தில் ஆங்கிலம் வந்தது. இளையவர்களுக்கு ஜெர்மன் புரியாத நிலையில் மூத்தவர்கள் எத்தனை காலம் பிடித்துவைக்க முடியும்? கோலாலம்பூரிலும் டர்பனிலும் நம்மவர் சபைகள் கண்ட கேள்விதான் இது.

1864 டிசம்பர் 9

பழைய எபெனேசருக்குப் படகு வரவிடாமல் தடுத்த ஓடையைப் பற்றி முன்னே சொன்னேன். அந்த எபெனேசர் ஓடை அமெரிக்க உள்நாட்டுப் போரில் மீண்டும் வருகிறது.

1864-இன் இறுதியில் வடக்கு மாநிலங்களின் தளபதி வில்லியம் ஷெர்மனின் படை அட்லாண்டாவிலிருந்து சவன்னாவை நோக்கி நடந்தது. தோட்டங்களிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள், பெண்களும் முதியவர்களும் குழந்தைகளுமாக, படையின் பின்னால் நடந்து வந்தார்கள். டிசம்பர் 9 அன்று படையின் ஒரு பிரிவு ஓடையின் மேல் மிதவைப் பாலம் போட்டுக் கடந்தது. அதன் தளபதி ஜெபர்சன் சி. டேவிஸ். தெற்கின் அதிபர் ஜெபர்சன் டேவிஸ் வேறு, இவர் வேறு. தம் வீரர்கள் கடந்ததும் பாலத்தை எடுத்துவிடச் சொன்னார். பின்னால் தெற்கின் குதிரைப்படை நெருங்கிக்கொண்டிருந்தது. குளிர்ந்த நீரில் பலர் குதித்தார்கள்; பலர் மூழ்கினார்கள். கரையில் நின்றவர்கள் பிடிபட்டு மீண்டும் அடிமைகளாக்கப்பட்டார்கள்.

இந்தச் செய்தி வாஷிங்டனை எட்டியது. போர்த்துறை அமைச்சர் எட்வின் ஸ்டான்டன் சவன்னாவுக்கு வந்தார். 1865 ஜனவரி 12 அன்று அவரும் ஷெர்மனும் இருபது கறுப்பினப் போதகர்களையும் சபைத் தலைவர்களையும் அழைத்து, விடுதலை பெற்ற மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் சார்பில் பேசிய காரிசன் ஃபிரேசியர், நிலம் வேண்டும், அதை நாங்களே உழுது வாழ வேண்டும் என்றார். நான்கு நாள் கழித்து, கடலோர நிலங்களைக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துத் தரும் ஆணை வெளியானது. சில மாதங்களிலேயே புதிய அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதைத் திரும்பப் பெற்று, நிலங்களைப் பழைய உடைமையாளர்களுக்கே கொடுத்துவிட்டார்.

ஒப்பிட்டுப் பாருங்கள். 1734-இல் அந்த ஓடைக்கரைக்கு வந்த அகதிகளுக்கு நிலம் கிடைத்தது, விதை கிடைத்தது, போதகர் சம்பளம் கிடைத்தது, மருந்துப்பெட்டிகூடக் கிடைத்தது. மூன்று நகரங்கள் அவர்களுக்காக எழுதின. முதல் நிலம் உதவாதபோது வேறு நிலமும் கிடைத்தது. 1864-இல் அதே ஓடைக்கு வந்த அகதிகளுக்குப் பாலம்கூட விட்டுவைக்கப்படவில்லை. எபெனேசர் குடும்பங்களின் உழைப்பையும் பொறுமையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. உழைப்போடு உதவியும் கூடினால் ஓர் அகதிச் சமூகம் எப்படி வேர்விடும் என்பதற்கு அவர்களே சான்று. அந்த உதவியை மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஓடை சான்று.

நம் பக்கம்

இது எங்கோ நடந்த கதை என்று நாம் விலகிவிட முடியாது. ஹாலே அனுப்பியவர்கள் அங்கே அடிமை முறையின் முன் தயங்கியதுபோலவே, இங்கே சாதியின் முன் தயங்கினார்கள். தரங்கம்பாடியில் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கைகள் இருந்தன. தஞ்சாவூரிலும் அப்படியே. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஆலயங்களில் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரின் வளர்ப்பில் வந்த, தமிழ்க் கிறிஸ்தவக் கவிதையின் பெரும்புலவரான வேதநாயக சாஸ்திரியாரே அந்த வேறுபாட்டுக்காக வாதாடி எழுதினார். ஆத்தும நன்மையைக் காட்டி அநீதியோடு சமாதானம் செய்துகொள்வது, உர்ல்ஸ்பெர்கர் ஒருவருடைய பலவீனம் மட்டுமாக இருக்கவில்லை.

வரலாறு எழுதுவோருக்கு எபெனேசர் இன்னொன்றும் கற்றுத்தருகிறது. போல்ட்சியுஸ் எழுதி அனுப்பிய நாட்குறிப்புகளை உர்ல்ஸ்பெர்கர் அப்படியே அச்சிடவில்லை. சபையாரின் குற்றங்குறைகளில் பெயர்களை நீக்கினார். அதிகாரிகளைப் பற்றிய முறையீடுகளை வெட்டினார். காணிக்கை கொடுப்பவர்கள் மனம் சோர்ந்துவிடக் கூடாதல்லவா? இருநூறு ஆண்டு கழித்து, ஜார்ஜ் ஃபென்விக் ஜோன்ஸ் என்னும் அறிஞர் ஆங்கிலத்தில் பதினெட்டுத் தொகுதிகளாக அவற்றைப் பதிப்பித்தபோது, ஹாலேயின் கையெழுத்துப் படிகள் கிடைத்த இடங்களில் வெட்டப்பட்டதைத் திரும்பச் சேர்த்தார். இன்று எபெனேசரின் உண்மையான கதை நமக்குக் கிடைப்பது அந்த வெட்டுகள் வழியாகவும்தான்.

நம் சபைகள் நூற்றாண்டு மலரும் இருநூறாண்டு மலரும் வெளியிடுகின்றன. அடிக்கல் நாட்டியவர், மணி வாங்கித் தந்தவர், குருவானவர்களின் வரிசை, பாடகர் குழுவின் புகைப்படம் எல்லாம் அவற்றில் இருக்கும். அவை வேண்டியவை, எபெனேசரின் செங்கல்லைப் பற்றி நானும் ஆசையாகத்தான் பேசினேன். இங்கிருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் சபைக்கூட்டத் தீர்மானப் புத்தகத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யாருக்கு எந்த வரிசையில் இடம் தரப்பட்டது, எந்தக் கல்லறைத் தோட்டத்தில் யாரை அடக்கம் செய்யவில்லை, எந்தத் தீர்மானம் எந்த ஆண்டில் சத்தமில்லாமல் கைவிடப்பட்டது என்று குறித்துவையுங்கள். அடுத்த மலரில் அதையும் அச்சிடச் சொல்லிச் சபையாரிடம் கேளுங்கள். மறுப்பார்கள், மீண்டும் கேளுங்கள். துன்பப்பட்டோம் என்று சொல்லிக்கொள்ள எல்லாச் சபைக்கும் ஒரு கதை இருக்கிறது. நம்மால் துன்பப்பட்டவர்களின் கதையையும் நாமே எழுதும்போதுதான் அதைச் சபை வரலாறு என்று சொல்லும் உரிமை நமக்கு வரும்.